ஒரே அடுக்களை; ஒருவருக்கு மட்டும் கோதுமை விலக்கு

சீலியாக் நோய் உறுதி செய்யப்பட்டு எங்கள் உணவியல் பிரிவுக்கு அனுப்பப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் ஓர் ஆறுதலோடுதான் வருகின்றன. நாம் அரிசி உண்பவர்கள். சப்பாத்தியையும் பரோட்டாவையும் நிறுத்திவிட்டால் காரியம் முடிந்தது என்பதே அந்த ஆறுதல். அதில் நியாயமும் உண்டு. இட்லி, தோசை, இடியாப்பம், பொங்கல், சாம்பார், ரசம், மோர் என்று நம் வீட்டு உணவின் பெரும்பகுதி அரிசியிலும் பருப்பிலும் நிற்கிறது. தில்லியில் இந்நோய் கண்ட ஒருவர் தம் மூன்று வேளை உணவையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். மயிலாப்பூரில் இருப்பவருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. இருந்தும், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எதிர்பொருள் அளவு இறங்காமல் நிற்பவர்களை நாங்கள் தொடர்ந்து பார்க்கிறோம். அவர்கள் சப்பாத்தியை உண்மையிலேயே தொட்டிருப்பதில்லை. கோதுமை வேறு வழியாக அவர்களுடைய தட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வழிகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

நோயைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்னும் பசைப்புரதம் இருக்கிறது. பூரி மாவைப் பிசையும்போது கையில் இழுபடும் தன்மையைத் தருவது அதுதான். சீலியாக் நோயுள்ளவர் இதை உண்ணும்போது, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. உணவின் சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன் விளைவாக வயிற்றுப்போக்கு, உப்புசம், எத்தனை இரும்புச்சத்து மாத்திரை தந்தாலும் தீராத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் வராத குழந்தை, இளவயதிலேயே வலுவிழக்கும் எலும்பு என்று பல முகங்களில் இந்நோய் வெளிப்படுகிறது. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமலே இந்நோய் இருப்பதும் உண்டு. இது தொற்றாது. இதற்கு இன்றுவரை உள்ள மருத்துவம் குளூட்டன் இல்லாத உணவு ஒன்றே. அதுவும் வாழ்நாள் முழுவதற்கும்.

உணவே காரணம் என்பதை உலகுக்கு நிறுவியவர் வில்லெம் டிக்கெ என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்து பெரும் பஞ்சத்தில் சிக்கியது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில் ஊரே மெலிந்தபோது, இந்நோய் கொண்ட குழந்தைகள் தேறினர். ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்தனர். 1950இல் அவர் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். அதே போர்தான் நம் ஊரில் கோதுமையைப் பெருக்கியது என்பது விந்தையான பொருத்தம். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் பங்கீட்டு முறை வந்தது. அரிசியையே அறிந்த வீடுகளில் கோதுமை இறங்கியது. பெங்களூரின் எம்.டி.ஆர். உணவகம் ரவா இட்லியைத் தாம் கண்டுபிடித்ததும் அந்த அரிசித் தட்டுப்பாட்டில்தான் என்று சொல்லிக்கொள்கிறது. பிற்பாடு நீரிழிவு பெருகியபோது, இரவில் இரண்டு சப்பாத்தி என்பது சென்னையில் ஏறத்தாழ மருந்துச் சீட்டாகவே ஆகிவிட்டது. இன்று ஒரே வீட்டில் தாத்தாவுக்குச் சப்பாத்தி பத்தியம். பேத்திக்கு அதுவே விலக்கு. பகிர்ந்த அடுக்களையின் சிக்கல் அங்கிருந்து பிறக்கிறது.

தென்னகத்தில் இந்நோய் உண்டா என்றே சிலர் கேட்கிறார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய குடல்நோய் மருத்துவர் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் நாட்டின் பிற பகுதி மருத்துவர்களும் சேர்ந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்தில் இந்நோய்க்குரிய எதிர்பொருள் இருந்தது. தெற்கில் நூற்றுக்கு 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஆனால் நோய்க்கு இடந்தரும் மரபணுக்கூறு இரு பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில், மூவரில் ஒருவருக்கு மேல், இருந்தது. வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். நம்முடைய குடல் தனிச்சிறப்புடையது என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. நம் தட்டு மாறிவருவதை நினைத்தால், ஆயிரத்தில் ஒருவர் என்ற கணக்கு அப்படியே நிற்கும் என்று நம்பவும் முடியவில்லை.

எவ்வளவு என்றால் அதிகம்?

அந்த 25 கிராம் என்பது ஒரு சப்பாத்திக்குரிய மாவு. அதில் ஏறக்குறைய 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். இத்தாலியில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வொன்றில், நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் தந்தபோது குடல் மீண்டும் சேதமடைந்தது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை என்று இப்போது மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஒரு சப்பாத்தியை இருநூறு துண்டாகக் கிழித்தால், அதில் ஒரு துண்டுதான் அந்த 10 மில்லிகிராம். பலகையைத் தட்டும்போது பறக்கும் மாவில் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

கடைப் பொருட்களுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். அதற்கு உட்பட்ட பொருளே குளூட்டன் இல்லாதது என்று எழுதிக்கொள்ளலாம். பன்னாட்டு அளவுகோலும் அதுவே. ஆகவே நாம் நாடுவது துளிகூட இல்லாத நிலையை அன்று. துளிகள் சேராத நிலையை. நெருப்பைப் பற்றிய ஒரு நம்பிக்கையை இங்கே விலக்கிவிட வேண்டும். கிருமியைக் கொல்லும் கொதி, குளூட்டனை ஒன்றும் செய்யாது. நன்றாகக் கொதித்த ரசத்திலும் பொரித்த வடையிலும் அது இருந்தபடியே இருக்கும்.

பெருங்காய டப்பாவில் தொடங்குக

நாங்கள் கேட்கும் முதல் கேள்வி பெருங்காயத்தைப் பற்றியது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் அந்தப் பிசினின் காரம் தாங்க முடியாதது என்பதால், அதை மாவோடும் கோந்தோடும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்கிறார்கள். தூளாக இருந்தாலும் கட்டியாக இருந்தாலும், கடையில் கிடைப்பதில் பெரும்பங்கு இந்தக் கூட்டுப் பெருங்காயந்தான். சேர்க்கப்படும் மாவு பல நிறுவனங்களின் டப்பாக்களில் கோதுமை மாவு அல்லது மைதா. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவின் பின்புறத்துச் சிற்றெழுத்தில் அது எழுதப்பட்டிருக்கும். குளூட்டன் உள்ள தானியம் சேர்ந்திருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் லேபிள் விதி.

ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது என்ற கேள்வி வரும். உத்தேசமாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். கால் கிராம் தூளில் பாதி கோதுமை மாவு என்று கொண்டால், அதில் சுமார் 10 மில்லிகிராம் குளூட்டன். நால்வர் உண்ணும் ரசத்தில் அது ஆளுக்கு இரண்டரை. ரசத்தோடு நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் வீடுகளில் சாம்பாரிலும் பெருங்காயம், பொரியல் தாளிப்பிலும் பெருங்காயம், மோரிலும் ஊறுகாயிலும் மிளகாய்ப்பொடியிலும் பெருங்காயம். காலைச் சட்டினி தொடங்கி இரவு மோர் வரை கூட்டினால், மற்ற எதையும் தொடாமலே எல்லையை எட்டிவிடலாம். வெங்காயமும் பூண்டும் சேர்க்காத வீடுகளில் பெருங்காயத்தின் கை இன்னும் தாராளமாக இருக்கும். அரிசி மாவு கலந்ததை வாங்குவது எளிய வழி. நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் என்று கேட்டு வாங்குவோர், அதில் மாவு சேரவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். மாற்றிய டப்பாவை வீடு முழுவதற்குமாக மாற்றிவிடுங்கள். இருவகைப் பெருங்காயத்தை ஓர் அஞ்சறைப்பெட்டியருகே வைத்துக்கொண்டு, அவசரத்தில் எது எதுவென்று பார்ப்பது நடக்காத காரியம்.

அடுத்தது மாவு மில். அரிசி மாவு, கேழ்வரகு மாவு, கம்பு மாவு எல்லாம் இயல்பாகவே குளூட்டன் இல்லாதவை. ஆனால் மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அந்தக் கல்லிடுக்கிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு உங்கள் தூக்கில் விழும். கடையில் பொட்டலமாக வரும் சிறுதானிய மாவுக்கும் இதே இடர் உண்டு. அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இயல்பாகவே குளூட்டன் இல்லாத 22 தானிய, மாவு வகைகளைச் சோதித்தபோது 7இல் எல்லைக்கு மேல் குளூட்டன் இருந்தது. மில்காரர் நல்லவர்தாம், கல்லைத் துடைத்துத் தருவார் என்பதை நாங்கள் ஏற்பதில்லை. துடைப்பதால் அது போகாது. தானியத்தை முழுதாக வாங்கி, முறத்தில் பரப்பி, இடையில் கிடக்கும் கோதுமை மணியைக் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுத்து, இருமுறை களைந்து உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்வதே பாதுகாப்பு. வேலை கூடுதல்தான், மறுப்பதற்கில்லை. தீபாவளிக்கு நாலு படி முறுக்கு மாவு வேண்டுமென்றால் இது மலைப்பாகவே இருக்கும். நோயுள்ளவருக்குரிய ஒரு படியை மட்டும் வீட்டில் அரைத்து, மற்றதை மில்லுக்கு அனுப்பும் வீடுகள் உண்டு. அப்போது முறுக்கு அச்சும் இரண்டாக வேண்டும்.

பெயரில் மயங்கும் பொருட்கள் சில. ரவை என்றால் கோதுமை. இட்லி ரவை என்று விற்பது அரிசி. சேமியா கோதுமை, சேவை அரிசி. ரவா தோசையில் ரவையும் மைதாவும் இருக்கின்றன. சத்துமாவுக் கலவையில் கோதுமை இல்லாதது அரிது. ஓட்ஸில் விளைநிலத்திலிருந்தே கோதுமை கலந்து வருவதால், குளூட்டன் இல்லாதது என்ற முத்திரை இல்லாவிட்டால் வேண்டாம். கால் வீக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் பாட்டிமார் காய்ச்சித் தரும் பார்லித் தண்ணீர் நல்லெண்ணத்தோடு தரப்படும் தவறான பானம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்க வருவோர் ஹார்லிக்ஸ் புட்டி வாங்கிவருவது நம் ஊர் மரபு. அது கோதுமை மாவும் முளைகட்டிய பார்லியும் சேர்ந்தது. சீலியாக் நோயாளியின் படுக்கையருகே அந்தப் புட்டியைக் காணும்போது எங்கள் செவிலியர் சிரித்தபடியே அதை எடுத்து உறவினர் கையில் திருப்பித் தருகிறார்கள்.

எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்கத் தேவையில்லை

நோய் தெரிந்த முதல் வாரத்தில் சில வீடுகளில் தட்டு, டம்ளர், கரண்டி, செம்பு எல்லாம் தனித்தனியாகிவிடுகின்றன. நோயுள்ளவர் தனி மூலையில் உண்கிறார். மருமகளாக வந்த பெண்ணுக்கோ பள்ளி செல்லும் பிள்ளைக்கோ இப்படி நேரும்போது, நோயைவிட அந்தத் தட்டு அதிகம் வலிக்கிறது. தனிக் குவளை என்பதற்கு நம் நாட்டில் ஒரு கசப்பான வரலாறு உண்டு. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்து மனிதரைப் பிரித்த கதையை யாரும் மறந்துவிடவில்லை. ஆகவே பெரியவர்கள் தனிப் பாத்திரம் என்றதும் முகம் சுளிப்பதிலும் பொருளுண்டு. எங்கள் விடை இது: சோப்பிட்டுக் கழுவிய எவர்சில்வர் தட்டும் டம்ளரும் கண்ணாடிக் கிண்ணமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கலாம். அவற்றைப் பிரிக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணலாம்.

இதற்கு ஆய்வின் துணையும் இருக்கிறது. வாஷிங்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் குழுவினர், பகிர்ந்த அடுக்களையில் உண்மையில் எவ்வளவு குளூட்டன் தாவுகிறது என்று அளந்து 2020இல் வெளியிட்டார்கள். கோதுமைப் பாஸ்தா வெந்த தண்ணீரிலேயே குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தபோது அளவு எல்லையைத் தாண்டியது. பொதுவான டோஸ்டரில் ரொட்டியைச் சுட்டபோது தாண்டவில்லை. கேக் வெட்டிய கத்தியைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியதே போதுமானதாக இருந்தது. அச்சத்தை எங்கே வைப்பது, எங்கே விடுவது என்பதை இது நமக்குச் சொல்கிறது. நம் அடுக்களைக்கு இதைப் பெயர்த்தால், சேமியா வெந்த நீர், பூரி பொரித்த எண்ணெய், காய்ந்த மாவு ஆகிய மூன்றும் பகை. நன்றாகக் கழுவிய வழுவழுப்பான பாத்திரம் பகையன்று.

பிரிக்க வேண்டியவை கழுவினாலும் மாவை விடாதவை. சப்பாத்திப் பலகையும் குழவியும் மரமென்றால் நோயுள்ளவர் உணவுக்கு அவற்றைத் தொடவே கூடாது. மரக்கரண்டியும் அப்படியே. சல்லடையின் கண்ணிலும் முறுக்கு அச்சின் துளையிலும் இடியாப்ப உழக்கின் அடியிலும் தங்கும் மாவைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. இவை தனியாக இருக்கட்டும். இரும்புத் தோசைக்கல்லை நாம் அழுத்தித் தேய்த்துக் கழுவுவதில்லை. எண்ணெய்ப் பிடிப்பு போய்விடும் என்று துணியால் துடைத்து மாட்டிவிடுகிறோம். அதில் நேற்றைய சப்பாத்தியின் மாவு கருகிக் கிடக்கும். எனவே தோசைக்கல் இரண்டு. கீறல் விழுந்த நான்ஸ்டிக் பாத்திரத்தைக் குப்பையில் போடுவது எப்படியும் நல்லது. கிரைண்டரில் சப்பாத்தி மாவு பிசையும் கருவியைப் பூட்டும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். இட்லி மாவு அரைக்கும் கல் வேறெதற்கும் வேண்டாம். தேய்ப்பு நாரும் கைப்பிடித் துணியும் மிகச் சிறியவை, மறக்கப்படுபவை. மாவு பிசைந்த தாம்பாளத்தைத் தேய்த்த நாரால் அடுத்த பாத்திரத்தைத் தேய்த்தால், கழுவுவதே பூசுவதாகிவிடும். வீட்டுப் பணிக்கு வரும் அம்மாவிடம் இதைக் காரணத்தோடு சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர் மறப்பதில்லை. கட்டளையாக மட்டும் கேட்டவர் மறந்துவிடுவார்.

தனியாக வாங்கும் தோசைக்கல்லுக்கும் கரண்டிக்கும் அடையாளம் வேண்டும். வண்ண ஒட்டுத்தாள் இரண்டு கழுவலில் உரிந்துவிடும். தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ பாத்திரக் கடையில் எவர்சில்வர் வாங்கும்போது பெயர் வெட்டித் தருவார்கள் அல்லவா? அதையே செய்யுங்கள். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது உரிமையின் அடையாளம். அந்த உரிமையோடு குழந்தையின் பெயரைத் தாங்கிய வாணலி அடுக்கில் இருந்தால், அது ஒதுக்கி வைத்ததாக யாருக்கும் தோன்றாது. அது மேல் அடுக்கில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மாவு கீழே விழும், மேலே ஏறாது. கோதுமை மாவு டப்பா எப்போதும் எல்லாவற்றுக்கும் கீழ்த்தட்டில், இறுக மூடி.

பத்துப் பார்க்கும் பழக்கமுள்ள மயிலாப்பூர் வீடுகளில் இதைக் கற்பிப்பது எங்களுக்கு எளிதாக இருக்கிறது. சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு உப்பையோ தயிரையோ தொடக்கூடாது, கையலம்பிய பிறகே தொடவேண்டும் என்ற ஒழுங்கு அங்கே பாட்டிக்குக் கைவந்தது. அதைச் சோற்றிலிருந்து கோதுமைக்கு மாற்றினால் போதும். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எச்சில் என்ற சொல் உதவும். எச்சில் கரண்டியை ஊறுகாய்ச் சாடியில் இடக்கூடாது என்பதை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவிய கத்தி மீண்டும் வெண்ணெய்க்குள் போகக்கூடாது என்பதும் அதே விதி.

சமைக்கும் வரிசையும் பாதுகாப்பின் பகுதி. நோயுள்ளவர் உணவு முதலில், கோதுமை கடைசியில். பண்டிகைநாளில் புது எண்ணெயில் முதலில் தேன்குழலும் வடையும். சோமாசும் பாதுஷாவும் இறுதியில். அந்த எண்ணெயை மறுநாள் அப்பளத்துக்கு வைக்கக்கூடாது. மாவு பிசையும்போது பறக்கும் தூள் அடுப்பில் திறந்திருக்கும் குழம்பில் இறங்கும் என்பதால், அப்போது மற்றவை மூடியிருக்க வேண்டும். எங்கள் கருத்தில், இதைவிட நல்லது காய்ந்த மாவே வீட்டுக்குள் வராமலிருப்பது. சப்பாத்தி வேண்டுவோர் சுட்டதை வாங்கித் தம் தோசைக்கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம். நீரிழிவுக்காகவே கோதுமை உண்ணும் பெரியவர்கள், அளவான சோறும் கூடுதல் காயும் பருப்பும் தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பலருக்குப் பொருந்துகிறது. அப்படியானால் வீட்டில் இரண்டு அடுப்படி தேவையில்லை.

வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் அடையாறு மாணவர்களுக்கும், சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பொதுச் சமையலறையில் பொங்கும் குடும்பங்களுக்கும் மேற்சொன்ன அத்தனையும் கைகூடாது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது மிகக் குறைவு: சொந்தமாக ஒரு சிறு குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு நார், மூடியுள்ள ஒரு பெட்டி. சமையலறையில் மேடையைத் துடைத்த பிறகும் அதன்மேல் நேரடியாக எதையும் வைக்க வேண்டாம். ஒரு தட்டை விரித்து அதன்மேல் வையுங்கள்.

வீட்டுக்கு வெளியே

பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்துமூவர் விழாவன்று மாட வீதிகளில் நீர்மோரும் பானகமும் சோறும் வழங்காத முனை இராது. பானகம் பெரும்பாலும் ஏற்றது. நீர்மோரில் பெருங்காயம் இருக்கும், புளியோதரையிலும் இருக்கும். குழந்தையை அழைத்துச் செல்வோர் ஒரு புட்டி மோரைக் கையோடு கொண்டுபோனால், கூட்டத்தில் மறுக்க வேண்டிய சங்கடம் குறையும். சாந்தோமிலும் லஸ் தேவாலயத்திலும் நற்கருணை பெறுவோர் கேட்பதுண்டு. முற்றிலும் குளூட்டன் நீக்கிய அப்பம் செல்லாது என்றும், மிகக் குறைந்த குளூட்டன் கொண்டது செல்லும் என்றும் 2017இல் வத்திக்கான் மீண்டும் தெளிவுபடுத்தியது. இரசத்தை மட்டும் பெறவும் வழியுண்டு. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கல்யாண வீட்டில் வாழையிலையைவிடச் சுத்தமான தட்டு இல்லை. முதல் பந்தியில் உட்காருங்கள். கரண்டிகள் வாளிகளுக்கிடையே மாறத் தொடங்கியிராது. சோறு, தயிர், நெய், பழம், வாழைக்காய் வறுவல் என்று அந்தப் பந்தியில் வயிறு நிறையும். வறுவல் எந்த எண்ணெயில் பொரிந்தது என்று மட்டும் சமையற்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உணவகத்தில் தோசையைவிட இட்லி மேல், ஏனெனில் ரவா தோசையும் சாதாத் தோசையும் ஒரே கல்லில்தான் வேகும். சாம்பாரை விட்டுத் தேங்காய்ச் சட்டினியைத் தாளிக்காமல் கேட்டால் தருவார்கள். குளூட்டன் என்ற சொல்லைப் பரிமாறுபவரிடம் சொல்லிப் பயனில்லை. கோதுமை, மைதா, ரவை, பெருங்காயம் என்று பொருளின் பெயரைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள்.

இதை வாசிக்கும் சிலர், தமக்கும் இந்நோய் இருக்குமோ என்று எண்ணி நாளையே கோதுமையை நிறுத்தக்கூடும். வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் குடல் திசுச் சோதனையும் கோதுமை உண்டுகொண்டிருக்கும்போது எடுத்தால்தான் உண்மையைக் காட்டும். நிறுத்தியபின் எடுத்தால் நோய் மறைந்துகொள்ளும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்கள் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே பத்தியத்தில் இருப்போர் அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் புழங்கும் பெருங்காய டப்பா, சாம்பார்ப் பொடிப் பொட்டலம், சத்துமாவு உறை, வழக்கமாக விழுங்கும் மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துவாருங்கள். லேபிளின் சிற்றெழுத்தை உங்களோடு சேர்ந்து நாங்களும் படித்துப் பார்க்கிறோம்.